ஒரு பென்னி பேருந்துக்காக மழையில் நின்றவர் 5 லட்சம் பவுண்டு கொடுத்த கதை: ஜார்ஜ் பீபடி பற்றிப் பேசலாம்

பழங்கணக்கு எழுதியது:

வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு பழைய காலத்து வங்கிக்காரர்களைப் பற்றிப் படிப்பது என் பொழுதுபோக்கு. கார்னகி, ராக்பெல்லர் என்று இங்கே நிறையப் பேசியாகிவிட்டது. அவர்களுக்கு ஒரு தலைமுறை முன்னாலேயே, சம்பாதித்ததை உயிரோடு இருக்கும்போதே கொடுக்கும் வழக்கத்தைத் தொடங்கிவைத்தவர் ஜார்ஜ் பீபடி. அவருக்கென்று ஓர் இழை இங்கே இல்லை, அதனால் தொடங்குகிறேன்.

பிறந்தது 1795, மாசசூசெட்ஸில் டான்வர்ஸ் என்ற ஊரின் தென்பகுதி. ஏழைக் குடும்பம், வீடு நிறையப் பிள்ளைகள். நாலு வருடப் படிப்போடு சரி. 11 வயதில் ஒரு மளிகைக் கடையில் எடுபிடியாகச் சேர்த்துவிட்டார்கள். 1811இல் அப்பா கடனை வைத்துவிட்டு இறந்துபோனார். அதே வருடம் நியூபரிபோர்ட் நகரத்தில் பெரிய தீ விபத்து, அண்ணன் வைத்திருந்த கடை சாம்பல். ஒரு சித்தப்பாவோடு தெற்கே ஜார்ஜ்டவுனுக்குப் போய் ஜவுளி விற்க ஆரம்பித்தார். அங்கே எலைஷா ரிக்ஸ் என்ற வியாபாரியின் கண்ணில் பட்டார். 1814இல், 19 வயதில், அந்தக் கடையில் பங்காளி. பிறகு கடை மேரிலாண்ட் மாநிலத்தின் பால்டிமோருக்கு மாறியது, பிலடெல்பியாவிலும் நியூயார்க்கிலும் கிளைகள் வந்தன. கையில் காசு புரண்டதும் முதலில் செய்தது அப்பாவின் கடனை அடைத்ததும் தம்பி தங்கைகளைப் பள்ளிக்கு அனுப்பியதும்தான்.

1827இல் சரக்கு வாங்க முதல்முறை இங்கிலாந்து போனார். 1837இல் லண்டனிலேயே தங்கிவிட்டார். ஜவுளி மெல்லப் பின்னுக்குப் போய், அமெரிக்க மாநிலங்களின் கடன் பத்திரங்களை லண்டனில் விற்பதும் வாங்குவதும் முழுநேரத் தொழிலாயிற்று. 1854இல் ஜூனியஸ் மார்கன் என்பவரைப் பங்காளியாகச் சேர்த்துக்கொண்டார். ஜே. பி. மார்கன் என்று பின்னாளில் உலகமே அறிந்தவரின் அப்பா இவர். 1864இல் பீபடி விலகியதும் நிறுவனம் ஜே. எஸ். மார்கன் ஆனது. அதாவது மார்கன் சாம்ராஜ்யத்தின் அஸ்திவாரம் பீபடி போட்டது.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கஞ்சத்தனத்துக்குப் பேர்போனவர். சாப்பாட்டை டப்பாவில் கொண்டுவந்து மேசையிலேயே சாப்பிடுவார். ஜூனியஸ் மார்கன் சொன்னதாக ஒரு கதை உண்டு. மழை கொட்டுகிறது. வீட்டுக்குப் போகிறேன் என்று கிளம்பிய பீபடி தெருவில் நனைந்தபடி நிற்கிறார். ஏன் என்று கேட்டால், இதுவரை வந்ததெல்லாம் இரண்டு பென்னி வண்டி, ஒரு பென்னி வண்டிக்காகக் காத்திருக்கிறேன் என்கிறார். அப்போது அவர் கோடீஸ்வரர்.

இந்த ஆள்தான் லண்டன் ஏழைகளின் வீடுகளுக்கு 5 லட்சம் பவுண்டும், அமெரிக்காவில் நூலகம், இசைப்பள்ளி, அருங்காட்சியகம், தென்மாநிலப் பள்ளிகள் என்று அதைவிட அதிகமாகவும் கொடுத்தார். கஞ்சன் மனம் மாறி வள்ளல் ஆன கதையாக இதைச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அப்படிப் படவில்லை. கொடுக்கும்போதும் அவர் வங்கிக்காரராகவே இருந்தார். கொடுத்ததில் இருந்த நல்லதும் கெட்டதும் அதிலிருந்துதான் வந்தன என்பது என் கட்சி. மற்றவர்கள் சொல்லுங்கள்.

கடைசிபெஞ்ச் எழுதியது:

நல்ல இழை சார். ஒரு சின்னச் சந்தேகம். வங்கிக்காரர் என்கிறீர்கள், நாம் பணம் போட்டு எடுக்கிற மாதிரி வங்கியா அது? ஜவுளிக்கடைக்காரர் எப்படித் திடீரென்று வங்கிக்காரர் ஆகிறார்?

பழங்கணக்கு எழுதியது:

கவுண்டர், பாஸ்புக் எதுவும் கிடையாது தம்பி. அவர் அலுவலகத்தில் இருந்தது கணக்குப் பேரேடுகளும் கொஞ்சம் எழுத்தர்களும்தான். வணிக வங்கி என்று அதற்குப் பெயர்.

பால்டிமோர் கடைக்காரன் ஒருவன் மான்செஸ்டரில் துணி வாங்குகிறான் என்று வையுங்கள். துணி கப்பலேறி, விற்று, காசாகப் பல மாதம் ஆகும். மில்காரனுக்கு அதுவரை காத்திருக்க முடியாது, கடல் தாண்டி இருக்கிறவனை நம்பவும் முடியாது. இன்ன தேதியில் இவ்வளவு தருகிறேன் என்று உண்டியல் என்ற கடன் சீட்டு எழுதி, அதில் லண்டனில் இருக்கும் நம்பகமான ஒருவர், அவன் தராவிட்டால் நான் தருகிறேன் என்று கையெழுத்துப் போட்டுவிட்டால், அந்தக் காகிதம் கைமாறும். கையெழுத்துக்குக் கமிஷன். நாணயமாக நடந்த ஜவுளி வியாபாரிக்கு முதலில் தன் சரக்குக்கு, பிறகு மற்றவர் சரக்குக்கு என்று இந்த வேலை தானாகவே வந்து சேரும். நம் நாட்டு உண்டியல் வியாபாரிகளுக்கும் இது புதிதல்ல.

அடுத்த படி, பத்திரங்கள். அன்றைய அமெரிக்க மாநிலங்களுக்குக் கால்வாய் வெட்டவும் ரயில் போடவும் பணம் வேண்டும், உள்ளூரில் அவ்வளவு முதல் இல்லை. மேரிலாண்ட் 80 லட்சம் டாலர் கடன் திட்டம் போட்டது. 1835இல் அந்தப் பத்திரங்களை விற்கப் பொறுப்பேற்ற மூவரில் பீபடி ஒருவர். அந்த வேலைதான் அவரை லண்டனில் உட்கார வைத்தது.

போன நேரம் சரியில்லை. 1837இல் பெரும் பீதி, அமெரிக்க வங்கிகள் வரிசையாகக் கதவை மூடின. 1841, 1842இல் மேரிலாண்ட், பென்சில்வேனியா உட்படப் பல மாநிலங்கள் வட்டி கட்டுவதையே நிறுத்திவிட்டன. லண்டனில் அமெரிக்கன் என்றாலே கடன்காரன் என்று பேச்சு. ரிபார்ம் கிளப்பில் சேர மனுப் போட்டார், கடனைத் திருப்பாத நாட்டுக்காரன் என்று நிராகரித்துவிட்டார்கள்.

ஏட்டுச்சுரைக்காய் எழுதியது:

இந்த இடத்தில்தான் நீங்கள் கொஞ்சம் வேகமாகத் தாண்டிவிட்டீர்கள் ஐயா. பணம் எங்கே வந்தது என்று பார்க்க வேண்டாமா?

வட்டி நின்றதும் அந்தப் பத்திரங்கள் அடிமாட்டு விலைக்குப் போயின. பயந்துபோன சிறு முதலீட்டாளர்கள் வந்த விலைக்குத் தள்ளினார்கள். பீபடி வாங்கிக் குவித்தார். அதே சமயம், பேரிங்ஸ் வங்கியோடு சேர்ந்து, மாநிலங்கள் மறுபடி வட்டி கட்ட வேண்டும் என்று திரைமறைவில் பிரச்சாரம் நடத்தினார். பத்திரிகையில் எழுதப் பணம், பாதிரிமார்களைப் பேசவைக்கப் பணம், கடனைக் கட்டுவோம் என்று சொல்லும் வேட்பாளர்களுக்குப் பணம். டேனியல் வெப்ஸ்டர் மாதிரிப் பெரிய அரசியல்வாதிக்கே பேரிங்ஸ் பணம் கொடுத்தது. 1845இல் பென்சில்வேனியாவும் 1848இல் மேரிலாண்டும் கட்டத் தொடங்கின. பத்திர விலை ஏறியது. பீபடியின் பெரிய பணம் அங்கேதான் வந்தது.

கட்டினது யார்? மேரிலாண்ட் விவசாயி, புது வரி மூலமாக. மலிவாக வாங்கி வைத்துக்கொண்டு, விலை ஏறுவதற்கான அரசியலையும் தானே நடத்துவதற்கு இன்றைக்கு என்ன பெயர் வைப்போம்? அதன் பிறகு வந்த தானத்தை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு பூரித்துப்போக என்னால் முடியவில்லை.

பழங்கணக்கு எழுதியது:

நீங்கள் சொன்ன தகவல் எதையும் நான் மறுக்கவில்லை. கூடவே இரண்டு விஷயத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒன்று, எல்லோரும் விற்று ஓடியபோது, அமெரிக்கா கடனைத் திருப்பும் என்று தன் சொந்தப் பணத்தை வைத்தவர் அவர். திருப்பாமல் போயிருந்தால் மூழ்கியிருப்பார். அப்படித் திருப்பாமலே போன மாநிலமும் இருக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன். இரண்டு, மேரிலாண்ட் பத்திரங்களை விற்றுக் கொடுத்ததற்கு அவருக்குச் சேர வேண்டிய கமிஷன் 60,000 டாலர். மாநிலம் கஷ்டத்தில் இருக்கிறது என்று அதைக் கடைசிவரை கேட்டு வாங்கவே இல்லை. மாநிலச் சட்டமன்றம் 1848இல் நன்றித் தீர்மானம் போட்டது. ஒரு பென்னிக்கு மழையில் நிற்கிற ஆள் 60,000 டாலரை விடுகிறார் என்றால், அந்த நல்ல பெயருக்கு அதைவிட விலை அதிகம் என்று கணக்குப் போட்டிருக்கிறார். தந்திரமா பெருந்தன்மையா என்று கேட்டால், இரண்டும் என்பேன்.

1851 கண்காட்சியிலும் இதே கதைதான். லண்டனில் படிக மாளிகை கட்டி உலகப் பொருட்காட்சி வைத்தார்கள். அமெரிக்காவுக்குப் பெரிய இடம் ஒதுக்கியும் அலங்கரிக்க அமெரிக்க நாடாளுமன்றம் காசு தரவில்லை. பத்திரிகைகள் கேலி செய்தன. பீபடி 15,000 டாலர் கடனாகக் கொடுத்தார். அதற்குப் பிறகுதான் மெக்கார்மிக்கின் அறுவடை இயந்திரமும் கோல்ட்டின் கைத்துப்பாக்கியும் அந்த இடத்தை நிரப்பின. அந்த ஜூலை 4 அன்று அவர் கொடுத்த விருந்துக்கு வாட்டர்லூ புகழ் வெலிங்டன் பிரபுவே வந்தார். அமெரிக்காவின் மதிப்பு ஏறினால் அமெரிக்கப் பத்திரத்தின் மதிப்பும் ஏறும். அவருக்கு நாட்டுப்பற்றும் தொழிலும் ஒரே பேரேட்டில்தான்.

கடைசிபெஞ்ச் எழுதியது:

ஏற்றமே இருந்ததா, விழவே இல்லையா?

பழங்கணக்கு எழுதியது:

1857இல் விழப் பார்த்தார். கிரிமியப் போர் முடிந்து தானிய விலை சரிந்தது, அமெரிக்க ரயில் பங்குகள் சரிந்தன, நியூயார்க் வங்கிகள் பணம் தருவதை நிறுத்தின. அமெரிக்காவிலிருந்து வர வேண்டிய பாக்கி வரவில்லை, லண்டனில் கையெழுத்துப் போட்ட உண்டியல்களுக்கோ தேதி வந்துவிட்டது. இங்கிலாந்து வங்கியிடம் 8 லட்சம் பவுண்டு கடன் வாங்கித்தான் தப்பித்தார். தொழிலை மூடினால்தான் கடன் என்று போட்டியாளர்கள் நிபந்தனை போட்டதாகவும், முடிந்தால் மூடிப்பாருங்கள் என்று அவர் சவால் விட்டதாகவும் சொல்வார்கள்.

வயது 62. உடம்பில் கீல்வாதம் வேறு. பெரிய தானங்கள் பெரும்பாலும் இதற்கு அப்புறம் வந்தவை. ஆனால் தொடக்கம் அதற்கு முன்னாலேயே இருக்கிறது. 1852இல் டான்வர்ஸுக்கு நூலகம் வைக்க 20,000 டாலர். கல்வி என்பது இன்றைய தலைமுறை வருங்காலத் தலைமுறைக்குப் பட்டிருக்கும் கடன் என்ற கருத்தில் அப்போது ஒரு வாழ்த்துரை எழுதி அனுப்பினார். பாருங்கள், அங்கேயும் கடன்!

வாடகைவீடு எழுதியது:

லண்டன் வீடுகள் பற்றி நான் சொல்லலாமா? வீட்டுவசதித் துறையில் வேலை பார்ப்பதால் இதைக் கொஞ்சம் ஆழமாகவே படித்திருக்கிறேன். பழங்கணக்கு சாரின் கட்சிக்கு நல்ல சாட்சியும் இதுதான்.

லண்டனுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று தோன்றியபோது முதலில் அவர் நினைத்தது தெருவோரக் குடிநீர்க் குழாய்கள். அப்புறம் ஏழைப் பிள்ளைகளின் இலவசப் பள்ளிகள். சீர்திருத்தவாதி ஷாப்ட்ஸ்பரி பிரபுவிடம் ஆலோசனை கேட்டதில், ஏழைக்கு முதல் தேவை வீடு என்று பதில் வந்தது. 1862 மார்ச்சில் 1.5 லட்சம் பவுண்டோடு அறக்கட்டளை அறிவிப்பு. பிறகு 1866இல் ஒரு லட்சம், 1868இல் ஒரு லட்சம், உயிலில் 1.5 லட்சம். ஆக மொத்தம் 5 லட்சம்.

பணத்தைப் பிரித்துக் கொடுத்துத் தீர்த்துவிடவில்லை. வீடு கட்டு, குறைந்த வாடகை வாங்கு, செலவு போக மிஞ்சும் வாடகையில் அடுத்த கட்டடம் கட்டு. மதம், கட்சி பார்க்கக் கூடாது. முதல் கட்டடம் 1864இல் ஸ்பிட்டல்பீல்ட்ஸ் பகுதியில், கமர்ஷியல் தெருவில் எழுந்தது. கட்டடக் கலைஞர் ஹென்றி டார்பிஷயர். 1882க்குள் 3,500 வீடுகள், 14,600க்கும் மேல் குடியிருப்போர். இன்றைக்கு அந்த அமைப்பிடம் ஒரு லட்சத்துக்கும் அதிகமான வீடுகள் இருக்கின்றன (2022இல் கேட்டலிஸ்ட் என்ற இன்னொரு வீட்டுவசதி அமைப்பு வந்து இணைந்ததும் இதில் சேர்த்தி). 5 லட்சம் பவுண்டை 1862லேயே அன்னதானம் செய்திருந்தால் எத்தனை நாள் தாங்கியிருக்கும்?

மறுபக்கமும் உண்டு. கட்டடங்கள் பார்க்க இராணுவக் குடியிருப்பு மாதிரி இருக்கும். கழிப்பறையும் தண்ணீர்த் தொட்டியும் மாடிப்படி ஓரத்தில், எல்லோருக்கும் பொது. சுவருக்குச் சாயம் பூசக் கூடாது, காகிதம் ஒட்டக் கூடாது. இரவு 11 மணிக்கு வெளிக்கதவு பூட்டு, விளக்குக்கு வரும் எரிவாயுவும் நிறுத்தம். பிள்ளைகளுக்கு அம்மைப்பால் குத்தியிருக்க வேண்டும். வாடகை வாரத்துக்கு முன்பணம், பாக்கி வைத்தால் வெளியே. நல்லொழுக்கத்துக்குச் சான்று வேறு.

விளைவு என்ன? நிலையான வாரக் கூலி வாங்கும் கைவினைஞர், போலீஸ்காரர், சுமைவண்டிக்காரர் உள்ளே வந்தார்கள். இன்றைக்கு வேலை உண்டு நாளைக்கு இல்லை என்கிற துறைமுகக் கூலிக்காரர் வெளியே நின்றார். 1875இல் வந்த சேரி அகற்றும் சட்டத்துக்குப் பிறகு மாநகர வாரியம் சேரிகளை இடித்து அந்த நிலத்தை இந்த அறக்கட்டளைக்குச் சகாய விலைக்குக் கொடுத்தது. இடிக்கப்பட்ட வீடுகளில் இருந்தவர்களில் பெரும்பாலோருக்குப் புதுக் கட்டடத்தின் வாடகை கட்டுப்படியாகவில்லை. அவர்கள் பக்கத்துச் சேரியில் போய் இன்னும் நெருக்கியடித்துக்கொண்டார்கள். வாடகை ஒழுங்காக வர வேண்டும் என்று கட்டப்பட்ட அமைப்பு, ஒழுங்காக வாடகை தரக்கூடியவரைத்தான் தேர்ந்தெடுக்கும்.

செவ்வந்திப்பூ எழுதியது:

வாடகைவீடு அக்கா, சுவருக்குச் சாயம் பூசக் கூடாது, ராத்திரி கதவு பூட்டு... இதெல்லாம் நான் தங்கிய பெண்கள் விடுதியில் அப்படியே இருந்தது. நூற்றைம்பது வருடம் கழித்தும் விதி எழுதுகிறவர்கள் மாறவில்லை போல :)

ஒரு கேள்வி. அவருக்கு இங்கிலாந்தில் பட்டம் எதுவும் கொடுக்கவில்லையா?

வாடகைவீடு எழுதியது:

கொடுக்க முன்வந்தார்கள், அவர் வேண்டாம் என்றுவிட்டார். அமெரிக்கக் குடியுரிமையை விட மனமில்லை. விக்டோரியா அரசி கைப்படக் கடிதம் எழுதித் தன் சிறிய உருவப்படம் ஒன்றைப் பரிசாக அனுப்பினார். லண்டன் நகரத்தின் கௌரவக் குடிமகன் என்ற சிறப்பு 1862இல் கிடைத்தது. அதைப் பெற்ற முதல் அமெரிக்கர் இவர். 1869 ஜூலையில் ராயல் எக்ஸ்சேஞ்ச் பக்கத்தில் சிலையும் வைத்தார்கள். நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் சிலை, அவர் உயிரோடு இருக்கும்போதே வேல்ஸ் இளவரசர் திறந்துவைத்தது.

ஏட்டுச்சுரைக்காய் எழுதியது:

அமெரிக்கத் தென்மாநிலக் கல்வி நிதியைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லையே. அவர் செய்ததில் மிகப் பெரியது என்று புகழப்படுவது அதுதான், எனக்கு மிகவும் உறுத்துவதும் அதுதான்.

1865இல் உள்நாட்டுப் போர் முடிந்தது. தெற்கே பள்ளிகள் பாழ். அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட சுமார் 40 லட்சம் கறுப்பர்கள் படிக்கத் துடிக்கிறார்கள். முன்பு பல மாநிலங்களில் அவர்களுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுப்பதே குற்றம். 1867இல் பீபடி 10 லட்சம் டாலர் ரொக்கமாகக் கொடுத்து நிதியைத் தொடங்கினார், 1869இல் இன்னும் 10 லட்சம். போரில் வடக்கின் படைத்தளபதியாக இருந்த கிராண்ட், கடற்படைத் தளபதி பாராகட் எல்லாம் அறங்காவலர்கள். யூனியன் (வடக்கு), கான்பெடரேட் (தெற்கு) இரண்டு பக்கத்து மக்களையும் சமாதானப்படுத்தும் கொடை என்று பெயர்.

நடைமுறை எப்படி? 300 மாணவர் படிக்கும் பள்ளிக்கு ஆண்டுக்கு 1,000 டாலர் என்பது மாதிரி ஓர் அளவு. ஊர்க்காரர்களும் தங்கள் பங்குக்கு அதைவிடக் கூடுதலாகப் போட வேண்டும். இதே அளவு கறுப்பர் பள்ளி என்றால் மூன்றில் இரண்டு பங்கு மட்டும். அவர்களின் ஆசிரியர்களுக்குச் செலவு குறைவு என்று சமாதானம் சொன்னார்கள். இரு இனப் பிள்ளைகளும் சேர்ந்து படிக்கும் பள்ளிகளுக்கு உதவி கிடையாது. 1870களில் இனப் பாகுபாட்டுக்கு எதிரான குடிமை உரிமைகள் மசோதாவில் கலப்புப் பள்ளி என்ற பிரிவு இருந்தபோது, நிதியின் பொது முகவர் பார்னஸ் சியர்ஸ் அதற்கு எதிராக வாஷிங்டனில் வேலை செய்தார். 1875இல் சட்டம் நிறைவேறியபோது அந்தப் பிரிவு இல்லை.

அடிமை ஒழிப்புப் போராளி வில்லியம் லாயிட் கேரிசன் பீபடியைக் கடுமையாகவே விமர்சித்தார். தகுதிக்கு மேல் போற்றப்படும் மனிதர் என்பது அவர் கணிப்பு. நானும் அவர் பக்கம்.

பழங்கணக்கு எழுதியது:

இதில் உங்களோடு எனக்குச் சண்டை இல்லை. மூன்றில் இரண்டு பங்கு என்பதற்கு எந்தச் சமாதானமும் செல்லாது.

எனக்குத் தோன்றுவதை மட்டும் சொல்கிறேன். ஊர்க்காரர்களும் பங்கு போட வேண்டும் என்ற நிபந்தனை, தெற்கே வரி மூலம் நடக்கும் பொதுப்பள்ளி என்ற பழக்கத்தையே உண்டாக்க உதவியது. அதுவரை பல ஊர்களில் அப்படி ஒன்று கிடையாது. ஆனால் அதே நிபந்தனையால், பங்கு போட வசதியுள்ள ஊர் முன்னே வந்தது, வெறும் கையோடு விடுதலையான மக்கள் பின்னே நின்றார்கள். வாடகைவீடு சொன்ன துறைமுகக் கூலிக்காரரும் இவர்களும் ஒரே வாசலில்தான் நிற்கிறார்கள். பங்குப் பணம் கேட்டால் உதவி இருப்பவனுக்குத்தான் போகும். கடன் கொடுக்க ஆள் தேர்ந்தெடுக்கிற புத்தி தானம் கொடுக்கும்போதும் விடவில்லை.

அடிமை முறை பற்றி அவர் வாய் திறந்து போராடியவரும் இல்லை. தெற்கோடு அவருக்கு வியாபாரத் தொடர்பு இருந்தது. போர்க்காலத்தில் அவர் தெற்கின் ஆதரவாளர் என்று வடமாநிலப் பத்திரிகைகள் குற்றம் சாட்டின, அவருடைய நண்பர்கள் மறுத்தார்கள்.

கடைசிபெஞ்ச் எழுதியது:

சீரியஸாகப் போகிறது, நடுவில் ஒரு டைனோசர் கதை. ஸ்டெகோசாரஸ், ட்ரைசெராடாப்ஸ் என்று பெயர் வைத்தவர் ஆத்னியல் சார்ல்ஸ் மார்ஷ். பீபடியின் தங்கை மகன்! யேல் பல்கலைக்கழகத்தில் அவரைப் படிக்க வைத்தது மாமாதான், ஜெர்மனிக்கு அனுப்பியதும் மாமாதான். 1866இல் யேல், ஹார்வர்ட் இரண்டு இடத்திலும் பீபடி பெயரில் அருங்காட்சியகம் வந்தது, தலா 1.5 லட்சம் டாலர். யேலில் மார்ஷ் தொல்லுயிரியல் பேராசிரியரானார், மாமா விட்டுச்சென்ற சொத்தில் ஆட்களை மேற்கே அனுப்பி எலும்பு தோண்டினார். எட்வர்ட் காப் என்பவரோடு போட்டி போட்டுக்கொண்டு, யார் முதலில் பெயர் வைப்பது என்று இருவரும் அடித்துக்கொண்டது தனி நாவல்.

மேரிலாண்ட் கால்வாய்க் கடனிலிருந்து ட்ரைசெராடாப்ஸ் வரை ஒரே பணம் ஓடியிருக்கிறது என்று நினைத்தால் சிரிப்பு வருகிறது.

செவ்வந்திப்பூ எழுதியது:

சூப்பர். மாமா பணத்தில் டைனோசர் :)

ஊர்சுற்றி எழுதியது:

தாமதமாக வருகிறேன். பால்டிமோரைப் பற்றி யாரும் விரிவாகச் சொல்லவில்லை. தான் பணக்காரனான ஊருக்கு அவர் செய்த கைம்மாறு பீபடி நிறுவனம். 1857இல் 3 லட்சம் டாலரில் தொடங்கி, கடைசியில் 14 லட்சம் வரை போனது. நூலகம், இசைப்பள்ளி, சொற்பொழிவு மண்டபம், கலைக்கூடம் எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே. இசைப்பள்ளி இன்று உலகப் புகழ் பெற்றது, ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் ஒரு பகுதி.

அந்த ஹாப்கின்ஸ் கதையும் சுவையானது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பால்டிமோரின் பெரும் பணக்காரர், அவரும் திருமணம் ஆகாதவர், அவரும் கைச்சிக்கனத்துக்குப் பேர் போனவர். ரயில் கம்பெனித் தலைவர் ஜான் காரெட் வீட்டு விருந்தில் இருவரும் சந்தித்தார்களாம். பணம் சேர்ப்பதைவிடக் கொடுப்பதில் சந்தோஷம் கிடைத்தது என்று பீபடி சொன்னதைக் கேட்ட ஹாப்கின்ஸ், சீக்கிரமே உயில் எழுத உட்கார்ந்தார் என்று காரெட் சொல்லியிருக்கிறார். 1873இல் ஹாப்கின்ஸ் இறந்தபோது பல்கலைக்கழகத்துக்கும் மருத்துவமனைக்குமாக 70 லட்சம் டாலர் வந்தது.

பழங்கணக்கு எழுதியது:

நன்றி ஊர்சுற்றி. விலகும்போது மார்கனிடம் எப்படி நடந்துகொண்டார் என்பதையும் சேர்க்கிறேன், இல்லாவிட்டால் விருந்துக் கதையைக் கேட்டு எல்லோரும் அவரைத் தாத்தாவாக்கிவிடுவீர்கள். பத்து வருடம் கூட உழைத்த ஜூனியஸ், பீபடி என்ற பெயரையே தொடர்ந்து வைத்துக்கொள்ளக் கேட்டார். முடியாது என்றார். தன் முதலையும் எடுத்துக்கொண்டார். அலுவலகக் கட்டடத்தின் குத்தகையைக்கூடக் கறாராக விலை பேசித்தான் மார்கனுக்குக் கொடுத்தார். ஊருக்கெல்லாம் அள்ளிக் கொடுத்துக்கொண்டிருந்த அதே வருடங்களில்!

1869 நவம்பர் 4 அன்று லண்டனில் இறந்தார். வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் இறுதிச் சடங்கு, அங்கேயே தற்காலிக அடக்கம். சொந்த ஊர் மண்ணில்தான் புதைக்க வேண்டும் என்று உயிலில் இருந்ததால், பிரதமர் கிளாட்ஸ்டன் அரசு புத்தம் புதிய மொனார்க் போர்க்கப்பலில் உடலை அனுப்பியது, துணைக்கு ஓர் அமெரிக்கக் கப்பல். உள்நாட்டுப் போரில், பிரிட்டனில் கட்டப்பட்ட தென்தரப்புக் கப்பலான அலபாமா செய்த சேதத்துக்கு நஷ்டஈடு கேட்டு இரு நாடுகளும் முறைத்துக்கொண்டிருந்த சமயம் அது. உடலைப் பெற்றுக்கொள்ள மெய்ன் மாநிலத் துறைமுகத்துக்கு அமெரிக்கா அனுப்பியது அட்மிரல் பாராகட்டை. 1870 பிப்ரவரியில் சேலம் நகரில் (நம் சேலம் இல்லை, மாசசூசெட்ஸ் சேலம்) அடக்கம். பிறந்த ஊருக்கு 1868லேயே பீபடி என்று பெயர் மாற்றிவிட்டார்கள்.

ஏட்டுச்சுரைக்காய் எழுதியது:

கடனைத் திருப்பாத மாநிலம் என்று ஒன்றைச் சொல்கிறேன் என்றீர்களே?

பழங்கணக்கு எழுதியது:

மிசிசிப்பி. வங்கிகளுக்கு முதல் திரட்ட 1830களில் வெளியிட்ட பத்திரங்களை, சட்டப்படி செல்லாது என்று சொல்லிக் கைகழுவியது. பீபடி கல்வி நிதிக்குக் கொடுத்ததில் ரொக்கம் போக வட்டியோடு சேர்த்துச் சுமார் 11 லட்சம் டாலர் மதிப்புள்ள மிசிசிப்பி பத்திரங்களும் இருந்தன. புளோரிடா பத்திரங்களும் உண்டு. அவருடைய கணக்கு இப்படி: உன் பிள்ளைகளின் படிப்புக்கு என்று சொன்னால் மாநிலம் வெட்கப்பட்டாவது கட்டும். அறங்காவலர்கள் கேட்டுப் பார்த்தார்கள். மிசிசிப்பி தரவில்லை. 1875இல் அரசமைப்பையே திருத்தி, இனிமேல் யாரும் தர முடியாதபடி செய்துகொண்டது. பீபடி நிதியிலிருந்து மிசிசிப்பிப் பள்ளிகளுக்குப் பணம் போனது வேறு விஷயம்.

வர்ஜீனியா நேர் எதிர். 1854இல் ஆர்க்டிக் என்ற கப்பல் மூழ்கியபோது பீபடிக்குச் சொந்தமான வர்ஜீனியா பத்திரங்களும் கடலுக்குள் போயின. காகிதமே இல்லாத அந்தக் கடன் உரிமையை 1869இல், போரில் தெற்கின் தளபதியாக இருந்த ராபர்ட் லீ தலைமை தாங்கிய வாஷிங்டன் கல்லூரிக்கு எழுதிக் கொடுத்தார். கேட்டால் சிரிப்புத்தான் வரும், கடலில் போன பத்திரத்தைத் தானம் செய்கிறார் பாருங்கள்! ஆனால் 1883இல் வர்ஜீனியா வட்டியும் முதலுமாக 60,000 டாலர் கொடுத்தது.

ஏட்டுச்சுரைக்காய் எழுதியது:

வராக்கடனை அறக்கட்டளையிடம் தள்ளிவிட்டு, தானம் என்று பெயரும் வாங்கிக்கொண்டார் என்று இதையே நான் சொல்வேன். நீங்கள் வேறு மாதிரி சொல்கிறீர்கள். சரி, விடுங்கள், இருவரும் ஒரே பேரேட்டைத்தான் படிக்கிறோம்.

செவ்வந்திப்பூ எழுதியது:

அடுத்த வருடம் அமெரிக்கா போகிறேன், கிழக்குக் கரைதான். பீபடி தொடர்பாக ஒரே ஓர் இடம் பார்ப்பதென்றால் எது?

ஊர்சுற்றி எழுதியது:

யோசிக்கவே வேண்டாம், பால்டிமோர் நூலகம். 1878இல் திறந்தது, எட்மண்ட் லிண்ட் வடிவமைத்தது. நடுவில் கறுப்பு வெள்ளைப் பளிங்குத் தரை, சுற்றிலும் ஐந்து அடுக்கு இரும்புத் தூண் மாடங்கள், மேலே கண்ணாடிக் கூரை, சுமார் 3 லட்சம் புத்தகங்கள். அன்றைக்கே பொதுமக்களுக்கு இலவசம், இன்றைக்கும் அப்படித்தான். ஆனால் அந்த மண்டபத்தைத் திருமணங்களுக்கு வாடகைக்கு விடுகிறார்கள், விசேஷ நாளில் போனால் உள்ளே விட மாட்டார்கள். போகுமுன் நேரத்தைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். வெளியே மவுண்ட் வெர்னான் சதுக்கத்தில் லண்டன் சிலையின் நகலும் இருக்கிறது, படம் எடுத்தால் இங்கே போடுங்கள்.

பழங்கணக்கு எழுதியது:

மண்டப வாடகையா? ஜார்ஜ் பீபடி கேட்டால் ரேட் என்ன என்றுதான் முதலில் விசாரிப்பார்.